மூட்டத் தெரிந்த உடம்புக்கு அணைக்கவும் தெரியும்

கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போன ஒரு காலையில் கெளுத்தி முள் என் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. கூடையில் மத்தியை ஒதுக்கிப் பார்க்கக் கையை விட்டேன். அடியில் ஒரு கெளுத்தி கிடந்தது தெரியவில்லை. குத்தியது ஒரு நொடிதான், கடுப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. கூடைக்காரி அக்கா பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி வந்து, "தாங்குற சூட்டுல விரல வையி தம்பி, கடுப்பு இறங்கிடும்" என்றார். அரை மணி நேரத்தில் இறங்கியது. கெளுத்தி முள்ளில் இருக்கும் நஞ்சு புரதத்தால் ஆனது, சூடு பட்டால் சிதைந்துவிடும். மருத்துவர்களும் முதலுதவியாக இதையேதான் சொல்கிறார்கள்.

நஞ்சின் வேலை முடிந்தது. அப்புறம்தான் உடம்பின் வேலை ஆரம்பித்தது. மதியத்துக்குள் விரல் சிவந்து தடித்துவிட்டது. தொட்டால் சுட்டது, மடக்க முடியவில்லை. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று இந்த நான்கு அடையாளங்களையும் ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த உறுப்பு வேலை செய்யாமல் போவதைப் பின்னால் வந்தவர்கள் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். தமிழில் இதற்கு அழற்சி என்று பெயர். அழல் என்றால் தீ. பலரும் இதை 'வீக்கம்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அழற்சி என்ற சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் நடப்பது உண்மையிலேயே தீ மூட்டுவதும் அணைப்பதும் போன்ற ஒரு காரியம்.

தோலுக்கு அடியில் மாஸ்ட் செல்கள் என்று காவல் செல்கள் இருக்கின்றன. முள் ஏறியதும் அவை ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சிவப்பும் சூடும் அதனால்தான். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் வெளியே கசிகிறது. அதுதான் வீக்கம். அந்த இடைவெளி வழியாகவே ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நுழைந்து கிருமிகளை விழுங்குகின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குவதால் லேசாகத் தொட்டாலும் வலிக்கிறது. ஆஸ்பிரின் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கிறது என்று 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்னார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இன்னும் இருவரோடு பகிர்ந்து.

மூன்றாம் நாள் விரல் பழையபடி மடங்கியது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த மூன்றாம் நாள்தான். தீ எப்படி அணைந்தது?

விறகு தீர்ந்தால் அடுப்பு அணைவது போல, கிருமி தீர்ந்ததும் அழற்சியும் தானாக அடங்கிவிடும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. அணைப்பதற்கென்று உடம்பு தனியாக மருந்து செய்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஹார்வர்டில் சார்லஸ் செர்ஹான் குழுவினர் அடங்கிக்கொண்டிருக்கும் அழற்சியிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு ரிசால்வின் என்று பெயரிட்டார்கள். இவை புது நியூட்ரோஃபில்கள் உள்ளே வருவதை நிறுத்துகின்றன. செத்துக் கிடக்கும் பழைய நியூட்ரோஃபில்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும்படி பெருவிழுங்கிச் செல்களைத் தூண்டுகின்றன. சரி, ரிசால்வினை உடம்பு எதிலிருந்து செய்கிறது? இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளிலிருந்து. அந்தக் கொழுப்பு எதில் இருக்கிறது? என் விரல் தேடிப்போன அதே மத்தியில்.

மீனுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் அணையாத தீயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணனுக்கு எந்த விரலும் வீங்கவில்லை. வயது 48, லேசான சர்க்கரை, நல்ல தொப்பை. புதுச்சேரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டபோது எச்.எஸ்.-சி.ஆர்.பி., அதாவது சி.ஆர்.பி.யை நுணுக்கமாக அளக்கும் சோதனை, 4க்கு மேல் காட்டியது. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் அதை முதலில் கண்டார்கள். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும், அங்கிருந்து கிளம்பும் இன்டர்லூகின்-6 என்ற சேதி கல்லீரலுக்கு எட்டியதும் அது சி.ஆர்.பி.யை ரத்தத்தில் இறக்குகிறது. இதய நோய் ஆபத்தைக் கணக்கிடும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று வைத்திருக்கிறார்கள். 10ஐத் தாண்டினால் எங்கோ கிருமித் தொற்றோ காயமோ இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள். சளி பிடித்திருந்தாலே இந்த எண் ஏறிவிடும். அதனால் ஒரு தடவை பார்த்துப் பயந்துவிடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அண்ணனுக்கு ஈறில் வீக்கம் இருந்தது. பல் மருத்துவரிடம் போய் அதைச் சரிசெய்த பிறகு எண் கொஞ்சம் இறங்கியது. ஆனால் 3க்குக் கீழே வரவில்லை. மிச்சம் வயிற்றில் இருந்தது.

வயிற்றுக் கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று நினைக்கிறோம். 1993இல்தான் எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதும் தெரியவந்தது. கொழுப்புச் செல் அளவுக்கு மீறிப் பெருத்தால் அதற்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராது. சில செல்கள் செத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால், செத்த செல்லைச் சுற்றிப் பெருவிழுங்கிகள் கிரீடம் வைத்தாற்போல உட்கார்ந்திருக்கும். குத்திய முள்ளை எடுத்துவிடலாம். இது தினம் தினம் குத்திக்கொண்டே இருக்கும் முள். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கு ஒரு தையல் டேப் போதும். எடை குறைந்தால் சி.ஆர்.பி. குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று.

இந்த மெல்லிய தீ இதயத்தைத் தாக்குமா என்ற கேள்விக்கு 2017இல் ஒரு தெளிவான பதில் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் 2க்குக் குறையாமல் இருந்த பத்தாயிரம் பேரிடம் செய்த சோதனை அது. ரத்தக் கொழுப்பைத் தொடாமல் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ஒரே ஒரு அழற்சிச் சேதியை மட்டும் மருந்தால் அடைத்தார்கள். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த மருந்து எடுத்தவர்களில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் சற்றுக் கூடினார்கள். எனக்கு இந்தச் சோதனையில் மனதில் நிற்பது இந்த இரண்டாவது பாதிதான். தீயை ஒரேயடியாக அவித்துவிட்டால் கிருமி வரும்போது மூட்டுவதற்கு நெருப்பு இருக்காது. 'அழற்சியை ஒழிக்கும் உணவு' என்று யாராவது விளம்பரம் செய்தால் அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒழிக்கக் கூடாது. மூட்டுவதும் அணைப்பதும் அததன் நேரத்தில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாடும் பழக்கங்களும் உதவுவது அதற்குத்தான்.

மீனுக்கு வருவோம். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகிய மூன்றும் நம் துறைமுகத்தில் இறங்குபவை, மூன்றிலும் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் உண்டு. கொழுப்பு ஏறிய பருவத்து மத்தியில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கும் மேலேயே இவை கிடைக்கும். மீன் இவற்றைத் தானாகச் செய்வதில்லை. கடலின் நுண்பாசிகள் செய்கின்றன, பாசியைத் தின்னும் சின்ன உயிர்கள் வழியாக மத்திக்கு வந்து சேர்கின்றன. வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் விலை மலிந்த மத்தி எந்த மீனுக்கும் இளைத்ததில்லை. வாரத்துக்கு இரண்டு வேளை போதும். குழம்பாக வைத்தால் இறங்கும் கொழுப்பு குழம்பிலேயே நிற்கும், சோற்றோடு உள்ளே போகும். எண்ணெயில் மூழ்க வறுத்தால் அதில் ஒரு பங்கு வாணலியோடு போய்விடும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆளிவிதையிலும் ஒருவகை ஒமேகா-3 இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் ஒரு சிறு பங்கைத்தான் இ.பி.ஏ.வாக மாற்றும், டி.எச்.ஏ. அதைவிடக் குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் மாதிரி ஒமேகா-6 எண்ணெய்கள்தான் அழற்சிக்குக் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு ஓடுகிறது. மனிதர்களிடம் செய்த சோதனைகளில், இந்த எண்ணெய்களின் முக்கிய ஒமேகா-6 கொழுப்பான லினோலிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்தபோது சி.ஆர்.பி. ஏறவில்லை. போதாததற்கு, தீயணைக்கும் பொருள்களில் ஒன்றான லிப்பாக்சினை உடம்பு ஒரு ஒமேகா-6 கொழுப்பிலிருந்துதான் செய்கிறது. கவலைப்பட வேண்டியது எண்ணெயின் பெயரைப் பற்றி அல்ல, அது எத்தனையாவது தடவை காய்கிறது என்பதைப் பற்றி. கடலூர் சில்வர் பீச்சில் பஜ்ஜி வாங்கும்போது வாணலியைப் பாருங்கள். எண்ணெய் கருத்து, நுரைத்து, பிசுக்காக இருந்தால் வேண்டாம் என்று வந்துவிடலாம்.

அடுத்தது குடல். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சின்னக் கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அழற்சியை அடக்கி வைக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒருவகை வளரவும் அது உதவுகிறது. நார் இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை, குடல் சுவரைப் பூசியிருக்கும் கோழைப் படலத்தையே தின்னத் தொடங்கும். இரவு பதினொரு மணிக்கு மைதா பரோட்டா மட்டும் சாப்பிட்டுப் படுப்பவருடைய குடலில் அவற்றுக்கு இரை ஏது? விருத்தாசலம் பக்கத்து வேர்க்கடலை, பண்ருட்டிப் பலாப்பிஞ்சு, முருங்கைக்கீரை, கொள்ளு, கேழ்வரகு என்று இரைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

பழைய சோற்றுக்கு இங்கே ஒரு தனி இடம் உண்டு. வெந்த அரிசி ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, எளிதில் செரிக்காத மாவாக மாறுகிறது, நார் செய்யும் வேலையைச் செய்கிறது. இரவெல்லாம் நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இட்லி மாவும் புளித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது பாக்டீரியாக்கள் செத்துப்போகும். பழைய சோற்றிலும் மோரிலும் அவை உயிரோடு உள்ளே போகின்றன. 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36 பேரை வைத்து 10 வாரம் ஓர் ஆய்வு நடத்தியது. தயிர், கிம்ச்சி என்ற கொரிய நாட்டுப் புளித்த காய்கறி மாதிரிப் புளித்த உணவுகளைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நாரை மட்டும் கூட்டியவர்களுக்கு அந்தப் பத்து வாரத்தில் அப்படி ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. சோற்றோடு கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் இருக்கும் இன்யூலின் வகை நாரும் அந்தப் பாக்டீரியாக்களுக்கு விருப்பமான இரை. சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் குறைத்துக்கொண்டு, ஊறுகாயை விட்டுவிட்டு, கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள்வது நல்லது.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அழற்சியைக் குறைப்பதாகச் சொல்லப்படும் குர்க்குமின் என்ற பொருள் மஞ்சள் தூளின் எடையில் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு கூடியது. 2 கிராம் குர்க்குமின் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 65 கிராம் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். அதனால் ரசத்தில் மிளகும் மஞ்சளும் சேர்வது நல்ல பழக்கம், தொடரட்டும், ஆனால் அதை மருந்து என்று நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. முடக்குவாதம் போன்ற நோய்களில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் மூட்டு அரிக்கப்படுகிறது, அந்தச் சேதத்தை எந்தக் கீரையும் திருப்பித் தராது.

அண்ணனுக்கு அதிகம் உதவியது நடைதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். வேலை முடிந்து அங்கே முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு கடலூர் பஸ் ஏறுவதைப் பழக்கமாக்கிக்கொண்டார். இதில் ஒரு வியப்பு இருக்கிறது. வேலை செய்யும் தசை தானே இன்டர்லூகின்-6ஐச் சுரக்கிறது. கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி.யை ஏற்றும் அதே பொருள். ஆனால் தசையிலிருந்து சிறிது நேரத்துக்கு எழுந்து அடங்கும்போது அது டி.என்.எஃப்.-ஆல்ஃபாவைக் குறைத்து, அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10ஐக் கூட்டிவிடுகிறது. ஒரே சேதிதான். நாள் முழுக்க முனகிக்கொண்டே இருந்தால் கேடு, எழுந்து அடங்கினால் நன்மை. ஏழு மாதத்தில் அவர் இடுப்பு 6 சென்டிமீட்டர் குறைந்தது. சி.ஆர்.பி. 2.3க்கு வந்திருக்கிறது.

தூக்கம் குறைந்தால் இன்டர்லூகின்-6 ஏறுகிறது. சில இரவுகள் நான்கைந்து மணி நேரம் மட்டுமே தூங்க விட்டுப் பார்த்த சோதனைகளிலேயே இது தெரிந்துவிட்டது. இதை எழுதும்போது கூடைக்காரி அக்காதான் நினைவுக்கு வருகிறார். சாப்பாடு மத்திக் குழம்பும் பழைய சோறும், உட்கார நேரமே கிடையாது, தலையில் கூடையோடு ஒரு நாளைக்கு எத்தனையோ கிலோமீட்டர் நடக்கிறார். ஆனால் ஏலத்துக்குப் போக விடியற்காலை 2 மணிக்கே எழுந்தாக வேண்டும். எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதியத் தூக்கம் பற்றிய ஆய்வைத்தான் சொன்னேன்: இரவுத் தூக்கம் கெட்டவர்கள் மறுநாள் மதியம் தூங்கி எழுந்தபோது, ஏறியிருந்த இன்டர்லூகின்-6 இறங்கியது. "அது தெரியாமயே பண்ணிக்கிட்டுதான் இருக்கேன் தம்பி" என்றார். போன வாரம் மதியம் 1 மணிக்கு அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். விற்று முடித்த கூடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தார்ப்பாய் நிழலில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.