முதுகுக் கோட்டைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

போன வாரமும் ஒரு மின்னஞ்சல். ஆய்வு மாணவர் ஒருவர் ஓநாய்ச் சிலந்தியின் முதுகுப் படம் ஒன்றை மட்டும் அனுப்பி, "லைக்கோசா என்ற பேரினப் பெயரைப் போட்டு டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டேன், சரிதானே சார்?" என்கிறார். சரியில்லை தம்பி. அது முதிராத சிலந்தி. இனப்பெருக்க உறுப்பே உருவாகாத ஒன்றுக்கு யாராலும் படத்தைப் பார்த்து இனப்பெயர் சொல்ல முடியாது.

குடும்பத்தைச் சொல்லலாம். கீழே நான்கு சின்னக் கண்கள், மேலே இரண்டு பெரியவை, பின்னால் இன்னும் இரண்டு. முட்டைப் பையை நூற்புறுப்பில் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும், குஞ்சுகளை முதுகில் சுமக்கும். அவ்வளவுதான், ஓநாய்ச் சிலந்திக் குடும்பமான லைக்கோசிடே. ஆனால் அதற்குள் 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தரையில் திரிகிறவை என்பதால் மண் நிறம், நடுவில் வெளிர் கோடு. நெருங்கிய உறவில்லாத பேரினங்களிலும் அதே கோடு வரும். ஒரே இனத்திலும் தோலுரித்த புதிதில் ஒரு மாதிரி, ரோமம் தேய்ந்தபின் வேறு மாதிரி, ஆல்கஹாலில் போட்டால் இன்னொரு மாதிரி. கோடு அடையாளமே இல்லை. ஆணுக்கு வாயருகே குட்டைக் கால் போல இருக்கும் பெடிபால்ப்பும், பெண்ணுக்கு வயிற்றின் அடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பான எபிஜைனும்தான் அடையாளம், அதுவும் நுண்ணோக்கியில்.

லைக்கோசா 1804இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லாட்ரெய் வைத்த பெயர். இத்தாலியின் டரான்டோ நகரத்தால் பெயர் பெற்ற டரான்டுலா என்ற ஓநாய்ச் சிலந்திதான் அந்தப் பேரினத்தின் மாதிரி இனம், அதாவது அந்தப் பெயருக்கு அளவுகோல். அப்புறம் வந்தவர்கள் பெரிதாகக் கண்டதையெல்லாம் அதற்குள் போட்டுவிட்டார்கள், அந்தக் குப்பையை இன்றும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். 2019இல் பியாசென்டினி, ராமிரஸ் என்ற இரு சிலந்தி ஆய்வாளர்கள் மரபணு வரிசைகளைக் கொண்டு இந்தக் குடும்பத்தின் துணைக்குடும்பங்களையே திருத்தி அமைத்தார்கள். அப்படி எது எதற்கு உறவு என்று காட்டும் ஒரு கிளைமரம் நிற்க வேண்டுமானால் வரிசையின் மேல் ஒட்டிய பெயர் சரியாக இருக்க வேண்டும். நீங்கள் ஊகித்து எழுதிய பெயரோடு நாளைக்கு இன்னொரு மாணவர் தன் வரிசையை ஒப்பிடுவார், பொருந்துகிறதே என்று அவரும் அதையே எழுதுவார்.

குட்டி கிடைத்தால் உடனே ஆல்கஹாலில் போடாதீர்கள். டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, ஈயோ சிறு வெட்டுக்கிளியோ கொடுத்து, கடைசித் தோலுரிப்பு வரை வளருங்கள். டிஎன்ஏவுக்கு ஒரு கால் போதும், 95 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். உடலை எண் போட்டு அருங்காட்சியகத்தில் கொடுங்கள், தூக்கி எறியாதீர்கள். வளர்க்க நேரமில்லையா, "லைக்கோசிடே" என்று மட்டும் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஏற்றியிருந்தால், தயவுசெய்து இன்றே திருத்தம் அனுப்புங்கள். உங்கள் பதிவை என்னால் மாற்ற முடியாது, ஏற்றியவர்தான் கேட்க வேண்டும்.