பந்தி முடிந்து நடை திறக்கும் வரை: வெளியூர் விருந்தாளிகளை எங்கே அனுப்பலாம்?

கும்பகோணத்தை வைத்துச் சுற்றுவட்டாரத்தில் கல்யாண கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். பெண் வீட்டார் கேட்பதில் பாதி சாப்பாட்டைப் பற்றி, மீதி ரூம், வேன், மேளம். "வெளியூர்க்காரங்க மத்தியானம் எங்க போவாங்க?" என்று கேட்பவர்கள் அபூர்வம். அதன் பலன் முகூர்த்தத்தன்று ஒரு மணிக்குத் தெரியும். பந்தி முடிந்த கையோடு சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வேனில் ஏறிக் கும்பேஸ்வரன் கோயில் வாசலில் இறங்குவார்கள். நடை சாத்தியிருக்கும்.

டெல்டா கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பத்திரிகையோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள், அல்லது வாட்ஸப்பில் நாலு வரி போடுங்கள். கோயிலுக்குக் காலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை, இல்லாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் நடை சாத்தாத இடம். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக அமையும்.

'ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள்' என்ற பட்டியலைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். திங்களூர் திருவையாறு பக்கம், ஆலங்குடி கும்பகோணத்துக்குத் தெற்கே, திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் பூம்புகார் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில். விடிகாலையில் கிளம்பினால் முடிகிற காரியம்தான். ஆனால் ரிசப்ஷன் முடிந்து ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தவர்களுக்கு அது தரிசனம் இல்லை, ஓட்டம். ஜாதகத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த ஒரு கோயிலுக்கு மட்டும் போகச் சொல்லுங்கள்.

மதியத்துக்கு என் முதல் பரிந்துரை சுவாமிமலை. கும்பகோணத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். முருகன் கோயில் சாத்தியிருந்தாலும் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளில் வேலை நடக்கும். போன் போட்டுக் கேட்டுவிட்டு, அவர்கள் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, இரண்டரை மணிவாக்கில் போனால் நல்லது. தென்னங்குருத்தோலையை நீளமாகக் கிழித்து மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். முகம் இத்தனை மடிப்பு, மார்பு இத்தனை மடிப்பு என்று சிலையின் உடம்பு முழுவதும் அந்த ஓலைக்குள் அடங்கிவிடும். மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. பெரும்பாலும் உளியும் அரமுமாகத்தான் இருப்பார்கள், அதையே குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கும். வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை, ஆனால் வேலையில் இருப்பவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாமல் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

பட்டு வேண்டுபவர்கள் மயிலாடுதுறை சாலையில் திருபுவனம் போகலாம். அங்கத்திய பட்டுப்புடவைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டிரைவர் தானாக ஒரு கடையில் நிறுத்தினால் அதில் கமிஷன் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடை என்று கேட்டுப் போனால் விலையில் குழப்பமில்லை.

தஞ்சாவூரில் கல்யாணம் என்றால் மதியத்துக்கு அரண்மனை. கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள், அதே வளாகத்தில் சரபோஜி மன்னர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். இடைவேளையும் விடுமுறையும் உண்டு, முதலிலேயே விசாரியுங்கள். பெரிய கோயிலை நடுப்பகலுக்கு வைக்கவே வைக்காதீர்கள். 1010-இல் ராஜராஜன் குடமுழுக்குச் செய்த அந்தப் பிரகாரம் எவ்வளவு அகலமோ அவ்வளவும் வெயிலில் காயும் கல். செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சித்திரை, வைகாசி வெயிலில் அதில் நடந்து கால் பொத்துப்போன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் சுடுவதே சரியாகத் தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு தாராசுரத்துக்கு. கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இங்கே அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்க்கத்தான் அதிகம். அறுபத்துமூவர் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாக இருக்கும். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பத்தைக் குழந்தைகளைத் தேடவிடுங்கள். நாலரைக்குப் போனால் வெயிலும் தணிந்திருக்கும். ஐப்பசி முகூர்த்தமென்றால் மழையைக் கேட்டுக்கொண்டு போங்கள், கோயில் தாழ்வில் இருப்பதால் தண்ணீர் தேங்கும்.

திருக்கடையூர் அறுபதாம் கல்யாணங்களில் வேறொரு சிக்கல். விசேஷம் காலையிலேயே முடிந்துவிடும், பேரப்பிள்ளைகளுக்கு அதன்பின் பொழுது போகாது. பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சானதும் இந்த ஊரில்தான். கரையில் நிழல் கிடையாது, மூன்றரைக்கு மேல் அனுப்புங்கள்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் மொத்தமாகக் கிளம்பும் இடம் காவிரி, இல்லாவிட்டால் கொள்ளிடம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் இங்கே சில நாள் கழித்துத்தான் வந்து சேரும், நேற்று முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று ஆள் நிற்க முடியாது. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவனையும் அது இழுக்கும். உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் இறங்கக் கூடாது, குடித்துவிட்டு இறங்கவே கூடாது. இதை மாப்பிள்ளை வாயால் சொல்ல வையுங்கள், பெரியவர்கள் சொன்னால் எடுபடுவதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே வந்தும் கடப்பா சாப்பிடாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இட்லியோடு போடுவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது, கடைக்காரரிடம் முதல் நாளே கேட்க வேண்டும். அதைவிட, மறுநாள் காலை டிபனில் சேர்க்கச் சொல்லிச் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். பன்னீர் பட்டர் மசாலாவைச் சென்னையிலேயே சாப்பிட்டுக்கொள்ளட்டும். திருவையாற்றுப் பக்கம் போனால் தியாகராஜர் சமாதியைப் பார்த்துவிட்டு அசோகா அல்வா, நீடாமங்கலம் வழியென்றால் பால்திரட்டு இனிப்பு. டிகிரி காபிக்கு, நெடுஞ்சாலையோரம் பித்தளை டபரா அடுக்கிய கடையை வைத்து எங்கள் ஊரை எடைபோட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இரண்டு நாள் சைவப் பந்திக்குப் பிறகு சித்தப்பாக்கள் டிரைவர் காதில் மெல்லக் கேட்பது பிரியாணிக் கடை. தப்பில்லை. கோயில் முதலில், அசைவம் பிறகு என்று வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் வேனில் பாதிப் பேர் கோயிலுக்குள் வரமாட்டார்கள். நாகப்பட்டினம், காரைக்கால் போகிறவர்கள் மீன் சாப்பாட்டை மதியத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

முகூர்த்த நாளில் நல்ல வேன் கிடைப்பது கஷ்டம், மண்டபம் பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள். பேட்டா யார் தருவது, பெண் வீடா போகிறவர்களா என்பதும் அன்றே முடிவாகட்டும். அப்படியே டிரைவருக்கு முதல் பந்தியிலேயே இலை போடச் சொல்லுங்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் இரண்டு மணிக்கு வண்டி எடுக்கமாட்டார்.