மண் ஓடுபாதையில் பாதித் தூரம்

தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பறக்கப் படித்துவிட்டு, மண் ஓடுபாதை உள்ள நாடுகளுக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தார் ஓடுபாதையில்தான் போகும். அதனால் என்னிடம் படித்தவர்களுக்குச் சொல்லி அனுப்புவதை இங்கேயும் எழுதுகிறேன்.

விமானம் கிளம்பும்போது விபத்து என்றதும் 'இன்ஜின் நின்றுவிட்டதா?' என்றுதான் கேட்கிறோம். இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாதை முடிவதற்குள் எழும்ப முடியாமல் போகலாம். அந்த ஆபத்துதான் கண்ணுக்குத் தெரியாமல் வருவது.

பயிற்சிக்குப் பழகிய செஸ்னா 172எஸ் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். முழு எடை 1,157 கிலோ. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காய்ந்த தார்ப் பாதையில் சக்கரம் தரையை விட்டு எழ ஏறக்குறைய 960 அடி ஓட வேண்டும். நம்ம ஊர் சித்திரை வெயில் மாதிரி 40 டிகிரி என்றால் 1,150 அடி. காற்று லேசாகிவிடுவதால் இறக்கை, புரொப்பெல்லர், இன்ஜின் மூன்றுமே சோர்ந்துவிடும். காய்ந்த புல்தரை என்றால் இன்னும் 15 சதவீதம் கூட்டச் சொல்கிறது விமானத்தின் கையேடு. பின்னாலிருந்து காற்று அடித்தால் 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்துக்கு 10 சதவீதம் வீதம் கூடும். ஈரக் களிமண்ணுக்கு அந்த அட்டவணையில் கணக்கே கிடையாது.

களிமண்ணைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட மறுநாள் மேலே பொருக்குத் தட்டி, காய்ந்த மாதிரி இருக்கும். குதிகாலை ஊன்றினால் அடியில் சேறு. அந்தக் கண்ணோடுதான் ஓடுபாதையையும் பார்க்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தே போங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் எங்கே, எந்தப் பக்கம் சரிவு, கடைசியில் மரம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நடு இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஓர் அடையாளம் வையுங்கள். இதற்குச் சோம்பல்படுகிறவரோடு நான் பறக்க மாட்டேன்.

அந்த அடையாளத்தைத் தொடும்போது, எழும்ப வேண்டிய வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட் வேகத்தில் எழும்புவது என்றால், பாதித் தூரத்தில் 39 நாட். வரவில்லையா, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடிப் பிரேக் பிடியுங்கள். 'இன்னும் கொஞ்சம் போனால் வந்துவிடும்' என்று தோன்றும். அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கவே கூடாது. சேற்றில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. நிற்கவும் தூரம் வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. மண்ணில் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தே ஓடுவதால், எழும்ப வேண்டிய வேகம் வருமுன்பே சக்கரம் தரையை விட்டுவிடும். தரையை ஒட்டிப் போகும்வரை பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை குறைவு என்பதால், குறைந்த வேகத்திலும் விமானம் மிதக்கும். உடனே மூக்கை இன்னும் தூக்கினால் அந்த ஆதரவு போய், திரும்பத் தரையில் உட்காரும். அல்லது ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, ஒரு பக்கமாகச் சாயும். தாழ்வாகவே பறந்து வேகம் சேர்த்துக்கொண்டு, பிறகு ஏறுங்கள்.

கணக்கு இடிக்கிறதென்றால் மூட்டைகளில் பாதியை இறக்கிவையுங்கள், இரண்டு நடையாகப் போகலாம். இல்லையென்றால் மறுநாள் விடியற்காலைக் குளிர்ச்சியில் கிளம்புங்கள். சரக்குக்காரர் கோபப்படுவார், படட்டும்.