மளிகை பில்லுக்குள் ஒரு பாட்டில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடன் ஆலோசகராக இருக்கிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிறவர்களில் நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் நிறைய உண்டு. முதல் நாளே மாதச் செலவை எழுதித் தரச் சொல்வேன். வாடகை, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ், காணிக்கை எல்லாம் வந்துவிடும். மதுவுக்கென்று ஒரு வரி மட்டும் அநேகமாக இருக்காது.

ஒரு தம்பதியின் கணக்கு மூன்று மாதமாக ஒத்துவரவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கடை பில்களைக் கொண்டுவரச் சொன்னேன். அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு நடுவே வாரம் இரண்டு பாட்டில் வைன். இங்கே பிராந்தி வாங்கத் தனி மதுக்கடைக்குப் போக வேண்டும். வைன் மட்டும் உரிமம் வாங்கிய சூப்பர் மார்க்கெட் அலமாரியிலேயே கிடைக்கும், மளிகையோடு மளிகையாக பில்லில் ஏறிவிடும். அந்த அண்ணன் ஏமாற்ற நினைக்கவில்லை. "சர்ச்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க, சிஸ்டர்?" என்று பயந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்களுடையது பெந்தெகொஸ்தே சபை. ஒரு சொட்டும் கூடாது என்பது அங்கே போதனை. நான் ஆங்கிலிக்கன், எங்கள் நற்கருணையில் வைன்தான். ஒருவர் இயேசு தண்ணீரை வைனாக்கிய கானாவூர் கல்யாணத்தைச் சொல்வார், இன்னொருவர் வைன் பரியாசம் செய்யும் என்கிற நீதிமொழிகள் 20:1-ஐ எடுப்பார். வயிற்றுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல்தான், குடிவெறி வேண்டாம் என்று எபேசியருக்கும் எழுதினார். இந்த வாதத்தைத் தீர்ப்பது என் வேலையில்லை. ஆனால் லூக்கா 14:28 எல்லாச் சபைக்கும் பொது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். அந்த 'உட்கார்ந்து' எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, நாமும் உட்காருவோம். பாட்டில் 90 ரேண்ட் என்றால் மாதம் சராசரி 780, வருடம் 9,360. இவர்கள் வீட்டில் அதோடு நிற்கவில்லை. மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கே பணம் இல்லாமல் குறுகிய காலக் கடன் வாங்கியிருந்தார்கள். அதற்கு மாதம் 5 சதவீதம் வரை வட்டி போடச் சட்டம் இடம் தருகிறது, கட்டணங்கள் வேறு. பதிவில்லாத வட்டிக்காரர், இங்கே சொல்கிற மஷோனிசா, இன்னும் மோசம். பாங்க் கார்டையும் பின் நம்பரையும் அடகு மாதிரி வாங்கி வைத்துக்கொள்வார். 2005-ம் வருட தேசியக் கடன் சட்டப்படி அது குற்றம். உங்கள் கார்டு இப்போது யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து வெட்கப்படாமல் ஒரு ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

மறைத்த செலவு ஏன் ஆபத்து என்றால், கடன் மறுஆய்வில் (கட்ட முடியாத கடன்களின் தவணைகளை ஆலோசகர் மூலம் மாற்றியமைக்கும் ஏற்பாடு) வீட்டுச் செலவு போக மிஞ்சுவதைத்தான் தவணையாகப் பிரிக்கிறோம். அந்தக் காலத்தில் புதுக் கடனும் வாங்க முடியாது. எழுதாத 780 ரேண்ட் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தவணையிலிருந்து எடுத்தால் திட்டமே உடைந்துபோகும்.

அன்றைக்கு அந்த அக்காதான் பேனாவை வாங்கி, 'வைன் 780' என்று தனி வரியாக எழுதினார். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வந்த தாளிலும் அந்த வரி இருந்தது. பக்கத்தில் 180 என்று எழுதியிருந்தார்கள்.