அச்சு வடிவாய் விழுந்தால் மட்டும் போதாது

ஆர்.எவ்.ஐ.டி லேபலை, அதாவது ரேடியோ அலையால் வாசிக்கும் சிப் பதித்த லேபலை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கடதாசிக்குக் கீழே வளைந்து வளைந்து போகும் அன்ரனாவும், அதன் நடுவே கடுகிலும் சிறிய சிப்பும் தெரியும். பிறின்ரர் மேலே பார்கோட்டை அடிக்க வேண்டும், உள்ளே சிப்பில் எண்ணையும் எழுத வேண்டும். பிழைத்தால் கண்ணுக்குத் தெரியாதது இரண்டாவதுதான்.

அதிகம் குழறுவது எண்ணில். சாதாரண யூ.எச்.எவ் (மீயுயர் அதிர்வெண்) சிப்பில் எழுதுவது 96 பிட், அதாவது பதினறும எண்முறையில் 24 இலக்கம். 479 இல் தொடங்கும் நம்முடைய இலங்கையின் 13 இலக்கப் பார்கோட்டை அப்படியே அதில் தட்டிவிடுகிறார்கள். பிறின்ரர் மறுக்காது, மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்பி எழுதிவிடலாம். பத்துச் சேலைக்கும் ஒரே எண் போனால், கணக்கெடுக்கும்போது ஒரு சேலைதான் தெரியும். ஒவ்வோர் உருப்படிக்கும் தனி எண் கொடுக்கும் எஸ்.ஜி.ரி.ஐ.என்-96 முறையில் முதல் இரண்டு இலக்கம் 30. பிறகு நிறுவன எண், பொருள் எண், கடைசி 38 பிட்டில் உருப்படிக்கு உருப்படி மாறும் தொடர் எண். பார்கோட்டின் கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் சிப்புக்குள் போவதே இல்லை.

அடுத்தது இடம். சிப் பிறின்ரரின் உள் அன்ரனாவுக்கு நேரே வரும்போதுதான் எழுத வேண்டும். புதுவகை றோல் மாட்டினால் காலிபிரேஷன் செய்யாமல், அதாவது லேபலின் அளவையும் சிப் வரும் இடத்தையும் பிறின்ரருக்குப் பழக்காமல், தொடங்காதீர்கள். பக்கத்து லேபலில் எண் போய் விழும். எழுதும் அலையின் சக்தியைக் கூட்டினால் சரிவரும் என்று நினைப்பது தலைகீழ் வைத்தியம். கூட்டக் கூட்ட அயல் லேபலும் சேர்ந்து பதில் சொல்லும்.

எழுத முடியாமல் போன லேபலில் ‘வொயிட்’ (VOID, செல்லாது) என்று அடித்துவிட்டுப் பிறின்ரர் அடுத்ததில் முயலும். இடைக்கிடை ஒன்று விழுந்தால் பரவாயில்லை, வரிசையாக விழுந்தால் றோலைக் குறை சொல்லுமுன் அமைப்பைப் பாருங்கள். வொயிட் லேபலை வெட்டி எறியுங்கள், மேசையில் கிடந்தால் சிப்பை வாசிக்கும் றீடர் அதையும் எண்ணக்கூடும்.

சிப் இருக்கும் இடம் மெல்லப் புடைத்திருக்கும். அதன் மேல் பார்கோட் வைத்தால் கோடு விட்டுப்போகும், அச்சடிக்கும் ஹெட்டும் தேயும். தகரக் கூரைக்குக் கீழே றோலை வைத்தால் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி வேறு. றோல் மாற்றும்போதெல்லாம் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் ஹெட்டைத் துடையுங்கள்.

அடிக்கும்போது கரண்ட் போனால், விட்ட இடம் இதுதான் என்று ஊகித்துத் தொடர வேண்டாம். உள்ளே நிற்கும் லேபலில் எண் ஏறியும் அச்சு விழாமலும் இருக்கலாம். அதை றீடரில் வாசித்த பிறகே அடுத்த எண்ணைக் கொடுங்கள்.

நெல்லி கிறஷ் போத்தலில் ஒட்டியதும் வாசிக்கவில்லையா? சிப் பழுதாக இருக்க வேண்டியதில்லை, உள்ளிருக்கும் நீர் அலையைக் குடித்துவிடுகிறது. போத்தலின் கழுத்தில், கிறஷ் எட்டாத உயரத்தில், உலோக மூடியென்றால் அதிலிருந்தும் சற்றுத் தள்ளி ஒட்டிப் பாருங்கள்.