ஒடுக்கு: கார் தகட்டில் விழும் பள்ளத்தின் தமிழ்ப் பெயர்

சென்ற தை மாதம் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் காரைப் பின்னோக்கி எடுத்தபோது வண்டிக் கொட்டகையின் கல்தூணில் இடித்துவிட்டேன். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு உள்ளே போய்விட்டது. "டென்ட் ஆகிவிட்டது, காரைக்குடி டிங்கரிங் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்" என்று நான் புலம்பிக்கொண்டிருக்க, அப்பத்தா வந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒடுக்குத்தானே விழுந்திருக்கிறது? தகடு கிழியவில்லையே. எடுத்துவிடலாம்" என்றார்.

பல நாளாக நான் தேடிய சொல் அது. 'டென்ட்' என்பதற்குப் பள்ளம், குழி, உட்குழிவு என்று பலரும் எழுதுகிறார்கள். பள்ளம் சாலையில் விழுவது, குழி தோண்டுவது. உட்குழிவு என்றால் ஆடி, வில்லை பற்றிய பாடம் நினைவுக்கு வருகிறது. அடிபட்ட தகடு கிழியாமல், உடையாமல், உள்வாங்கி நிற்கும் நிலைக்கு ஒடுக்கு என்ற ஒரு சொல்லே போதும்.

ஒடுங்கு என்பது தன்வினை, ஒடுக்கு என்பது பிறவினை. அடங்கு – அடக்கு, முடங்கு – முடக்கு போல. ஒடுங்குதல் என்றால் சுருங்குதல், உள்வாங்குதல். ஒடுக்கமான சந்து என்கிறோம், கன்னம் ஒடுங்கிப்போன முகம் என்கிறோம். அந்தக் கன்னத்தை நினைத்துக்கொண்டு கார் கதவைப் பாருங்கள், சொல்லின் பொருத்தம் தெரியும். பிறவினை வடிவம் அப்படியே பெயராகி, பாத்திரத்தில் விழும் உள்வாங்கலைக் குறிக்கிறது.

திருக்குறளில் இதே குடும்பத்துச் சொல் ஒன்று இருக்கிறது. "ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" (486). சண்டைக் கிடா பாய்வதற்கு முன் பின்வாங்கி நிற்கிறதே, அந்தப் பின்வாங்கலோடு ஒப்பிடப்படுவதுதான் ஒடுக்கம். அந்த ஒடுக்கத்தில் தோல்வி இல்லை. திரும்பி வரும் வலு உள்ளேயே இருக்கிறது. ஆழமில்லாத ஒடுக்கு விழுந்த எஃகுத் தகடும் பெரும்பாலும் அப்படித்தான். நடுவில் சிறிதளவுதான் நிரந்தரமாக வளைந்திருக்கும். சுற்றியுள்ள பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கும். சரியான இடத்தில் தள்ளினால் 'டப்' என்ற ஓசையோடு எழும்பிவிடும்.

இன்று ஒடுக்கு என்றதும் நமக்கு ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வருகிறது. செய்தித்தாள்கள் வினையை எடுத்துக்கொண்டன, வீட்டுப் பெயர்ச்சொல் பின்கட்டிலேயே தங்கிவிட்டது. செட்டிநாட்டில் அது தங்குவதற்குக் காரணமும் உண்டு. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பித்தளைக் குடம், தவலை, அண்டா என்று ஒவ்வொரு வீட்டிலும் அறை அறையாகப் பாத்திரங்கள் இருந்தன. பெயர் வெட்டிய அந்தப் பாத்திரம் கிணற்றடியில் விழுந்து ஒடுங்கினால் யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், ஒடுக்கெடுப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு பழைய குடத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வயிற்றுப் பகுதியில் நகக்கண் அளவுக்குச் சிறு சிறு தட்டல் தடங்கள் கொத்தாகத் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் ஒடுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

டிங்கரிங் என்ற சொல்லின் கதையும் பாத்திரத்தில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் டிங்கர் என்பவர் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் பழுதுபார்த்தவர். தகட்டைத் தட்டும் ஓசையிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அது உறுதியாகாத விளக்கம். பட்டறைக்காரர்கள் பள்ளத்தில் பூசும் பட்டியின் ஆங்கில மூலமான 'புட்டி' என்ற சொல்லும், பானையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்ததே. டென்ட் மட்டும் வேறு வழியில் வந்தது. பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதற்கு மூலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அடி, குத்து என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அடியின் பெயரே அடியின் தடத்துக்கும் ஆகிவிட்டது. ஆங்கிலப் பாத்திரக்காரரின் பெயர் நம் கார் பட்டறை வரை வந்திருக்கும்போது, நாம் ஒடுக்கெடுத்தலைப் பின்கட்டில் விட்டு வந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அன்று அப்பத்தா சொன்னபடியே எடுத்தோம். கதவின் உட்புற அட்டையைக் கழற்றினால் தகட்டின் முதுகு தெரியும். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை, ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான். ஆகவே சுத்தியலை ஓங்கக் கூடாது. ஓங்கினால் தகடு நீண்டுவிடும், நீண்ட தகட்டைப் பழையபடி உட்காரவைப்பது பெரும்பாடு. துணி சுற்றிய கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், விளிம்பிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக நடுவை நோக்கி மெல்லத் தட்ட வேண்டும். முதலில் உள்ளே போனது நடுப்பகுதி, அது கடைசியில்தான் வெளியே வர வேண்டும். குடத்துக்கும் இதே முறைதான் என்று அப்பத்தா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கை நுழையாத இடமாக இருந்தால் உறிஞ்சு கிண்ணத்தை நனைத்து ஒட்டி நேராக இழுக்கலாம். பிளாஸ்டிக் பம்பராக இருந்தால் இன்னும் எளிது: கொதிநீரை ஊற்றி இளக்கி, கையுறை போட்டுப் பின்னாலிருந்து தள்ளி, உடனே குளிர்ந்த நீர் ஊற்றினால் வடிவம் நிலைத்துவிடும்.

பெயின்ட் வெடித்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெறும் எஃகில் ஈரம் பட்டதும் துரு தொடங்கிவிடும். துரு என்பதே ஒரு மின்வேதி வினை. அதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நிறம் பூச வேண்டும். தகடு மடிந்துபோயிருந்தால் வீட்டு வேலை இல்லை, பட்டறைதான்.

பட்டறையில் ஒருவர் வெளியிலிருந்து தட்டும்போது, தகட்டின் மறுபுறம் கனமான இரும்புக் கட்டி ஒன்றைத் தாங்கிப் பிடிப்பார்கள். அதை 'டாலி' என்கிறார்கள். அதற்கும் நம்மிடம் சொல் உண்டு. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லின் பழம்பெயர் பட்டடை. "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை" என்று குறளிலேயே (821) வருகிறது. கையில் பிடிக்கும் பட்டடை கைப்பட்டடை என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

அண்டைச் சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இருபுறமும் அழுந்தி மடிந்தால் நசுங்கல், அலை போல் வளைந்தால் நெளிசல், பெயின்ட் மட்டும் உரிந்தால் கீறல். சொட்டை என்றும் சில ஊர்களில் ஒடுக்கைச் சொல்கிறார்கள்; அதுவும் நல்ல சொல்லே, ஆனால் வழுக்கைக்கும் அதே பெயர் என்பதால் எழுத்தில் ஒடுக்கையே நான் எடுத்துக்கொள்கிறேன். "பின்கதவில் ஒடுக்கு விழுந்திருக்கிறது." "ஒடுக்கெடுக்க எவ்வளவு ஆகும்?" "ஒடுக்கெடுத்த இடத்தில் நிறம் ஒத்துப்போகவில்லை." இந்த மூன்று தொடர்களையும் காரைக்குடிப் பட்டறை ஒன்றில் சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த பெரியவர் திரும்பி எந்த விளக்கமும் கேட்கவில்லை. கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை சொன்னார்.