வெளியே ஓடிய பெட்ரோலை உள்ளே தள்ளும் சைலன்சர்

பாரூர் ஏரியில் எங்கள் ரிமோட் பந்தயப் படகை இறக்கினோம். 26 சிசி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு உறுமியதே தவிர, வேகம் எடுக்கவில்லை. கார்புரேட்டர் திருகைத் திருப்பினோம், பிளக்கை மாற்றினோம். கோளாறு அங்கே இல்லை. சைலன்சர் இரண்டு சென்டிமீட்டர் குட்டை!

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகை வெளியேறும் துவாரம் திறக்கும், அப்புறம் புதுக்கலவை வரும் துவாரம். ஏறும்போது வரிசை தலைகீழ். புகைத் துவாரம் கடைசியில்தான் மூடும். அந்த இடைவெளியில் எரியாத கலவை வெளியே ஓடிவிடும். 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-க்குப் பின்னால் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

பந்தய சைலன்சர் இரை விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கும்: விரிந்து, வயிறு பெருத்து, மறுபடி ஒடுங்கும். துவாரம் திறந்ததும் ஓர் அழுத்த அலை அதற்குள் பாய்கிறது. விரியும் பகுதியிலிருந்து அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை இழுக்கிறது. புதுக்கலவையும் கொஞ்சம் கூடவே வந்துவிடும். ஒடுங்கும் பகுதியில் மோதும் அலையோ அழுத்தமாகவே திரும்பி, வெளியே வந்த கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உடனே பிஸ்டன் துவாரத்தை மூடிவிட வேண்டும். தனியாக ஒரு பம்பே வேண்டாம், சத்தமே பம்பாகிவிடுகிறது!

கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். பைக் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் இந்த வித்தையைக் கூர்தீட்டினார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுசுகிக்குப் போனார். 1962-இல் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார்.

சரி, இரண்டு சென்டிமீட்டர் ஏன் அவ்வளவு முக்கியம்? எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடினால், நொடிக்கு 300. பாதிச் சுற்று புகைத் துவாரம் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது நொடியில் 600-இல் ஒரு பங்கு. சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும். அந்த நேரத்தில் 87 சென்டிமீட்டர், போக வர. ஆகவே பிஸ்டனிலிருந்து ஒடுங்கும் கூம்பின் நடுவரை சுமார் 43 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டைக் குறைத்தால் பொருத்தம் 18,900 சுற்றுப் பக்கம் நகர்ந்துவிடும். அதற்குக் கீழே அலை சீக்கிரமே வந்து நின்று காரியத்தைக் கெடுக்கும்.

பைக் என்றால் கியரைக் குறைத்து எஞ்சினை மேலே ஏற்றிவிடலாம். எங்கள் படகில் கியர் கிடையாது. தண்ணீரோ விடாது: படகைத் தள்ளும் விசிறியின் சுழற்சி பத்து சதவீதம் கூடினால், கேட்கும் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். எஞ்சின் அந்த உயரத்துக்கு ஏறவே முடியாமல் கீழேயே முக்கிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணகிரியில் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "நீளமா வச்சே ஆரம்பிங்க தம்பி. வெட்டிட்டா ஒட்ட முடியாது" என்றார். சிலிக்கான் ரப்பர் இணைப்பைத் தளர்த்தி, சைலன்சரை இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் இழுத்தோம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 3 மில்லிமீட்டராக உள்ளே தள்ளினோம். மூன்றாவது ஓட்டத்தில் உறுமல் சட்டென்று கீச்சென்ற ஒரே சுருதியாக மாறியது. படகு தண்ணீரின் மேல் எழும்பிப் பறந்தது, பின்னால் வெள்ளையாக வால் எழுந்தது.

அடுத்து, கிளம்பும்போது மட்டும் சைலன்சருக்குள் மெல்லிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்க்கப்போகிறோம். புகை குளிர்ந்தால் அலை மெதுவாகப் போகும். அதே சைலன்சர் கொஞ்ச நேரம் நீளமானது போல வேலை செய்யும்.